பறவைக்குப் பாட்டன் யார்?

எலும்பைப் பார்த்துச் சொன்ன தாமஸ் ஹக்ஸ்லியின் வாழ்க்கை

கோழியின் காலை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

கீழ்க்காலில் இறகு இல்லை. செதில் செதிலாகத் தோல் இருக்கிறது. முதலையின் மேல் இருக்கும் செதிலைப் போலவே அது தோன்றுகிறது. முன்பக்கம் மூன்று விரல். பின்பக்கம் ஒரு விரல். விரல் நுனியில் கூரிய நகம்.

கோழி, பறவை இனம். முதலை, ஊர்வன இனம். இந்த இரண்டு இனத்துக்கும் என்ன உறவு?

உறவு உண்டு என்று சொன்னார் ஒருவர். வெறும் வாயால் சொல்லவில்லை. எலும்பை எடுத்து வைத்துச் சொன்னார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த டைனோசர் என்ற பிராணிகளே பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவு என்றார்.

அவர் அப்படிச் சொன்னது 1868-ஆம் ஆண்டில். உலகம் அதை முழு மனதோடு ஒப்புக்கொள்ள நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அவர் பெயர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. இங்கிலாந்து நாட்டுக்காரர். பெரிய விஞ்ஞானி. ஆனால், சிறு வயதில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனது இரண்டே ஆண்டுதான்!

போர்வையும் மெழுகுவத்தியும்

லண்டனுக்குப் பக்கத்தில் ஈலிங் என்று ஓர் ஊர். அங்கே 1825-ஆம் ஆண்டு மே மாதம் 4-ந்தேதி ஹக்ஸ்லி பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். பிள்ளைகள் பலர். வருமானம் குறைவு.

எட்டு வயதில் பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். பத்து வயதில் படிப்பு நின்றது. தகப்பனார் வேலை பார்த்த பள்ளிக்கூடம் நொடித்துப் போயிற்று. குடும்பம் கோவென்ட்ரி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளிக்கூடம்தான் போயிற்று. படிப்பு போகவில்லை.

விடியற்காலையில் எழுந்து மெழுகுவத்தி ஏற்றுவான். குளிருக்குப் போர்வையைத் தோளில் சுற்றிக் கொள்வான். பூமியின் பாறைகளைப் பற்றிய தடித்த புத்தகத்தைப் படுக்கையில் உட்கார்ந்தபடியே படிப்பான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. ஜெர்மன் மொழியையும் தானே கற்றுக்கொண்டான். அந்த மொழி பின்னாளில் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

பையனுக்கு எந்திரங்களின் மேல் ஆசை. எஞ்சினீயர் ஆக வேண்டும் என்று எண்ணினான். அது கைகூடவில்லை. அக்காள் இருவரை வைத்தியர்களுக்குக் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். ஆகவே இவனையும் வைத்தியத் தொழிலில் விட்டார்கள். முதலில் லண்டனில் ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு வைத்தியரிடம் எடுபிடியாக இருந்தான். மருந்து கொடுத்தான். நோயாளிகளுக்கு மருந்தைவிடச் சோறுதான் தேவை என்பதைக் கண்ணால் கண்டான். அந்தக் காட்சி அவன் மனதை விட்டு அகலவே இல்லை.

1842-ல் உதவிச் சம்பளம் கிடைத்தது. சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்து முறையாக வைத்தியம் படித்தான். உடம்புக்குள்ளே எலும்பும் நரம்பும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்வதே அவனுக்குப் பிடித்த பாடம். உயிருள்ள உடம்பும் ஓர் எந்திரம்தானே! எஞ்சினீயர் ஆசை இப்படி நிறைவேறியது.

மனிதனுடைய முடியின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. அதுவரை யாரும் அதைக் கண்டு சொல்லவில்லை. மாணவர் ஹக்ஸ்லி கண்டு சொன்னார். 1845-ல் அது அச்சில் வந்தது. இன்றும் அதற்கு ஹக்ஸ்லி அடுக்கு என்றே பெயர்.

கப்பலில் நான்கு ஆண்டு

படிப்பு முடிந்தது. கையில் காசு இல்லை, கடன்தான் இருந்தது. கடற்படையில் வைத்தியராகச் சேர்ந்தார். ராட்டில்ஸ்னேக் என்ற கப்பலில் அவரை அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலையும் நியூகினி தீவின் கரையையும் அளந்து படம் வரைவதற்காகப் போன கப்பல் அது.

1846 டிசம்பரில் கப்பல் புறப்பட்டது. பழைய கப்பல். ஒழுகும். கரப்பான் பூச்சிகள் நிறைய. ஹக்ஸ்லி உயரமானவர். கீழ்த்தட்டில் அவரால் நிமிர்ந்து நிற்க முடியாது.

அந்த இடத்தில் உட்கார்ந்துதான் ஆராய்ச்சி செய்தார். கடலில் வலை வீசிச் சொறிமீன்களைப் பிடிப்பார். கப்பல் ஆடும், பூதக்கண்ணாடி ஆடும், அவர் பார்த்துப் பார்த்துப் படம் வரைவார். எல்லாச் சொறிமீன்களின் உடம்பும் இரண்டே தோல் அடுக்குகளால் ஆனது என்று கண்டார். உருவத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் உள்ளே கட்டட அமைப்பு ஒன்றுதான் என்பது அவருக்குப் புரிந்தது.

வெளித்தோற்றத்தைப் பார்க்காதே, உள்ளே இருக்கும் அமைப்பைப் பார். இதுவே அவர் கற்ற பாடம். பின்னாளில் பறவைக்கும் டைனோசருக்கும் உறவு கண்டதும் இதே பாடத்தால்தான்.

எட்டு ஆண்டு காத்திருந்த காதல்

கப்பல் சிட்னி துறைமுகத்தில் நின்றது. 1847-ல் அங்கே ஹென்ரியெட்டா ஹீத்தார்ன் என்ற பெண்ணைச் சந்தித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆனால், குடும்பம் நடத்தப் பணம் வேண்டுமே! நல்ல வேலை கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு 1850-ல் இங்கிலாந்து திரும்பினார்.

திரும்பியதும் பெயர் கிடைத்தது. 1851-ல் ராயல் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். இங்கிலாந்தில் விஞ்ஞானிகளுக்கு அது பெரிய கௌரவம். அப்போது அவருக்கு வயது 26. மறு ஆண்டு அந்தச் சங்கத்தின் பதக்கமும் கிடைத்தது.

பதக்கம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை! டொரான்டோவுக்கு மனுப் போட்டார்; இல்லை என்றார்கள். அபர்டீனுக்குப் போட்டார், இல்லை என்றார்கள். கார்க் நகரிலும் இல்லை. கடற்படையோ, மறுபடியும் கப்பலேறு என்றது. ஆராய்ச்சியை விட மனம் இல்லை. மறுத்தார். கடற்படை அவர் பெயரை நீக்கிவிட்டது.

1854-ல் விடிவு பிறந்தது. லண்டனில் சுரங்கப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மறு ஆண்டு ஹென்ரியெட்டா கடல் கடந்து வந்து சேர்ந்தார். வந்தவர் மிகவும் நோயாக இருந்தார். ஆறு மாதம் தாங்காது என்றார் ஒரு வைத்தியர். ஹக்ஸ்லி தயங்கவில்லை. 1855 ஜூலையில் கல்யாணம் நடந்தது.

எட்டு ஆண்டு காத்திருந்த கல்யாணம் அது. ஆறு மாதம் தாங்க மாட்டார் என்று சொல்லப்பட்ட அம்மையார் பிழைத்து எழுந்தார். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். கணவர் இறந்த பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1914-ல்தான் காலமானார்!

டார்வினுக்குத் துணை

1859-ல் சார்லஸ் டார்வின் தம்முடைய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஓர் உயிரினம் பல தலைமுறைகளில் சிறிது சிறிதாக மாறி வேறு இனமாகிறது என்பது அவர் முடிவு. இங்கிலாந்து கொதித்தது.

டார்வின் சாது. உடல்நலம் இல்லாதவர். மேடை ஏறி வாதாட மாட்டார். அவருக்காக வாதாட முன்வந்தவர் ஹக்ஸ்லி. 1860 ஜூனில் ஆக்ஸ்போர்டு நகரில் கூட்டம் நடந்தது. பிஷப் வில்பர்போர்ஸ் டார்வினை எதிர்த்துப் பேசினார். ஹக்ஸ்லி அஞ்சாமல் பதில் சொன்னார். டார்வினின் காவல் நாய் என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டாயிற்று.

அந்த ஆண்டே அவருக்குப் பேரிடி விழுந்தது. மூத்த மகன் நோயல். நான்கு வயது கூட நிறையவில்லை. செப்டம்பரில் விஷக் காய்ச்சலில் இறந்து போனான்.

நண்பரான பாதிரியார் கிங்ஸ்லி ஆறுதல் கடிதம் எழுதினார். மறு உலகில் மகனைக் காணலாம் என்ற நம்பிக்கையை ஊட்டினார். ஹக்ஸ்லி நீண்ட பதில் எழுதினார். அன்புக்கு நன்றி சொன்னார். ஆனால், ஆதாரம் இல்லாத ஒன்றைத் துக்கம் தீர வேண்டும் என்பதற்காக நம்பத் தம்மால் முடியாது என்று எழுதிவிட்டார்.

மகனைப் பறிகொடுத்த வேளையிலும் ஆதாரத்துக்கு மேல் ஓர் அடி அவர் வைக்கவில்லை. இந்தக் குணந்தான் அவருடைய ஆராய்ச்சிக்கும் முதுகெலும்பு.

கல்லில் ஒரு பறவை

டார்வின் சொல்வது உண்மையானால், ஒரு இனத்துக்கும் இன்னொரு இனத்துக்கும் நடுவே பாலம் போன்ற பிராணிகள் இருந்திருக்க வேண்டும். அவை எங்கே? எதிரிகள் இப்படிக் கேட்டார்கள்.

பறவையைக் காட்டியே அவர்கள் கேட்டார்கள். பறவைக்குச் சிறகு உண்டு, இறகு உண்டு, பல் இல்லை, நீண்ட எலும்பு வால் இல்லை. இதைப் போன்ற பிராணி வேறு எது? இது எதிலிருந்து வந்திருக்க முடியும்?

பதில் ஜெர்மனியில் கல்லுக்குள் இருந்தது. பவேரியா பகுதியில் சோல்ன்ஹோபன் என்ற ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுப்பார்கள். மிக வழவழப்பான கல். அச்சடிப்பதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கல்லில் இறகின் பதிவு ஒன்று கிடைத்தது. 1861-ல் அதற்கு ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பழஞ்சிறகு என்று பொருள்.

அதே சமயத்தில் உடலெலும்பும் கிடைத்தது. சிறகு, பறவையின் சிறகு. இறகும் பறவையின் இறகு. ஆனால், சிறகின் நுனியில் மூன்று விரல், மூன்றிலும் நகம்! பின்னால் பல்லியின் வாலைப் போல நீண்ட எலும்பு வால்! லண்டன் மியூசியம் அந்தக் கல்லையும் அதோடு சேர்ந்த மற்றக் கற்களையும் 700 பவுன் கொடுத்து வாங்கியது. அந்தப் பிராணி வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்.

மியூசியத்தில் அதை முதலில் ஆராய்ந்தவர் ரிச்சர்டு ஓவன். டைனோசர் என்ற பெயரை 1842-ல் உண்டாக்கியவரே அவர்தான். பெரிய அறிஞர், டார்வினின் எதிரி. ஆர்க்கியாப்டெரிக்ஸ் ஒரு பறவை. அவ்வளவுதான் என்றார் ஓவன்.

ஹக்ஸ்லி அதே கல்லைப் பார்த்தார். ஓவன் இடது காலை வலது கால் என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்து 1868-ல் வெளியிட்டார். எலும்பைப் பார்க்கும் கண் ஹக்ஸ்லிக்கு அவ்வளவு கூர்மை.

தோள் அல்ல, இடுப்பு!

இதற்கு முன் 1867 அக்டோபரில் ஒரு சம்பவம் நடந்தது.

ஆக்ஸ்போர்டு மியூசியத்தில் மெகலோசரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் இருந்தன. டைனோசர்களிலேயே முதன்முதலில், 1824-ல், பெயர் வைக்கப்பட்டது அதுதான். ஓவன் போன்றவர்கள் அதை யானையைப் போல நான்கு காலில் நடந்த பெரும் பிராணி என்று எண்ணினார்கள். லண்டனில் ஒரு பூங்காவில் சிலையும் அப்படியே செய்து வைத்தார்கள்.

மியூசியத்தின் தலைவர் பிலிப்ஸ் எலும்புகளை ஹக்ஸ்லிக்குக் காட்டினார். தோள்பட்டை எலும்பு என்று சொல்லப்பட்ட ஒன்றை ஹக்ஸ்லி பார்த்தார். அது தோள் எலும்பு அல்ல, இடுப்பு எலும்பு என்று கண்டார். மற்ற எலும்புகளையும் இருவரும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள்.

அவ்வளவுதான், பிராணியின் உருவமே மாறிவிட்டது! முன்கால் சிறிது. பின்கால் பெரிது. இடுப்பு நீளம். நான்கு கால் யானை போய், இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் பிராணி வந்தது. பார்த்தால், ராட்சதப் பறவையின் பின்பாகத்தைப் போலவே இருந்தது!

கோழிக்குஞ்சு சொன்ன சாட்சி

ஹக்ஸ்லி அதோடு நிற்கவில்லை. பவேரியாவின் அதே வகைக் கல்லில் கோழியளவே உள்ள ஒரு சிறிய டைனோசரும் கிடைத்திருந்தது. அதன் பெயர் காம்ப்ஸோக்நாதஸ். அதன் காலை அவர் ஆராய்ந்தார்.

கோழியின் காலில் பின்பக்கமாக மடியும் மூட்டை முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழங்கால் அல்ல, கணுக்கால். பறவை விரலை ஊன்றித்தான் நடக்கிறது.

முதலையின் கணுக்காலில் சிறு சிறு எலும்புகள் தனித்தனியாக இருக்கும். வளர்ந்த கோழியில் அவை தனியாகத் தெரியாது. மேலே உள்ளவை கால் எலும்போடும், கீழே உள்ளவை பாத எலும்போடும் ஒட்டிப் போயிருக்கும். ஆனால், முட்டைக்குள் வளரும் குஞ்சைப் பார்த்தால் அந்த எலும்புகள் தனித்தனியாக இருக்கும். பிறகுதான் ஒட்டிக்கொள்கின்றன.

டைனோசரின் காலில் என்ன இருந்தது? கணுக்கால் எலும்பு, கால் எலும்பின் நுனியை இறுகப் பற்றிக் கொண்டிருந்தது. அதாவது, முதலைக்கும் கோழிக்கும் நடுவே உள்ள நிலை! பாதி பொரிந்த கோழிக்குஞ்சின் பின்பாகத்தைப் பெரிதாக்கிக் கல்லாக மாற்றினால், அதை டைனோசர் என்று சொல்லத் தடையே இராது என்று ஹக்ஸ்லி விளக்கினார்.

1868 பிப்ரவரியில் லண்டனில் இதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அடுத்த இரண்டு ஆண்டில் மேலும் ஆதாரங்களைத் திரட்டி எழுதினார்.

அப்போதும் அளவு மீறவில்லை. காம்ப்ஸோக்நாதஸ்தான் பறவையின் நேர்ப் பாட்டன் என்று அவர் சொல்லவில்லை. பாட்டனின் பங்காளியாக இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றார். சிறகு எப்படி முளைத்தது என்பதற்கும் கதை கட்டவில்லை. அதற்கு வேண்டிய கற்கள் அப்போது கிடைக்கவில்லை. இருக்கிற எலும்பு எவ்வளவு சொல்லிற்றோ, அவ்வளவே சொன்னார்.

ஆதாரம் இல்லாத இடத்தில் தெரியாது என்று ஒப்புக்கொள்பவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 1869-ல் அக்னாஸ்டிக் என்ற சொல்லை அவரே உண்டாக்கினார். இன்று அது அகராதியில் நிலைத்துவிட்டது.

தொழிலாளிகளுக்கு ஆசான்

ஹக்ஸ்லி அறிஞர்களுக்கு மட்டும் பேசியவர் அல்ல. 1855 முதல் லண்டனில் தொழிலாளிகளுக்கென்று மாலை நேரத்தில் பிரசங்கம் செய்து வந்தார். கொல்லர், தச்சர், அச்சுக்கோப்பவர் போன்ற உழைப்பாளிகள் வேலை முடிந்து வந்து கேட்டார்கள். ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பூமியின் வரலாற்றையே சொல்லிவிடுவார்.

இரண்டு ஆண்டே பள்ளிக்கூடம் போனவர் அவர். கல்வியின் அருமை அவருக்குத் தெரியும். 1870-ல் லண்டன் கல்விக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழைக் குழந்தைகளுக்கும் நல்ல படிப்பு கிடைக்கப் பாடுபட்டார்.

1876-ல் அமெரிக்கா சென்றார். அங்கே மார்ஷ் என்ற அறிஞர் பல் உள்ள பறவைகளின் எலும்புகளைத் திரட்டி வைத்திருந்தார். பறவைக்குப் பல்லா! ஊர்வன இனத்தின் அடையாளம் பறவையில் தங்கியிருந்ததற்கு இன்னொரு சாட்சி அது. நியூயார்க்கில் மேடையில் அதை எடுத்துச் சொன்னார்.

1883-ல் ராயல் சங்கத்தின் தலைவர் ஆனார். உடல் தளர்ந்தது. கடைசிக் காலத்தில் ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரில் வாழ்ந்தார். 1895 ஜூன் 29-ந்தேதி, 70-வது வயதில் காலமானார். லண்டனில் பிஞ்சிலி இடுகாட்டில், 35 ஆண்டுக்கு முன் புதைத்த குழந்தை நோயலின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

தோற்றுப்போன கருத்து

அவர் மறைந்த பிறகு அவருடைய கருத்தும் மறையத் தொடங்கியது.

இரண்டு காலில் நடக்கும் பழக்கம் ஒன்றாக இருந்தால், எலும்பும் ஒன்று போல ஆகிவிடும். அதனால் உறவு என்று சொல்ல முடியாது என்று ஹக்ஸ்லியின் காலத்திலேயே சிலர் மறுத்தார்கள்.

1926-ல் இன்னும் பலமான மறுப்பு வந்தது. டென்மார்க் நாட்டு ஓவியர் ஹெய்ல்மன் பறவைகளின் தோற்றத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். பறவையின் நெஞ்சில் கவட்டை போன்ற எலும்பு ஒன்று உண்டு. கோழிக்கறி தின்பவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். கழுத்தின் இருபக்கமும் உள்ள காறை எலும்புகள் ஒன்று சேர்ந்து அந்தக் கவட்டை ஆகிறது. டைனோசருக்குக் காறை எலும்பே இல்லை. இல்லாமற் போனது மறுபடி முளைக்காது. ஆகையால், டைனோசர் பறவைக்கு முன்னோர் ஆகாது என்றார் அவர்.

உலகம் அதை ஏற்றுக்கொண்டது. ஹக்ஸ்லி தோற்றார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். சுமார் நாற்பது ஆண்டு அப்படியே கழிந்தது.

மீண்டும் வென்றார்

1964 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஜான் ஆஸ்ட்ரம் என்ற விஞ்ஞானி ஒரு டைனோசரைத் தோண்டி எடுத்தார். அதன் பெயர் டைனோனிகஸ். பின்காலில் அரிவாள் போன்ற நகம். கைகள் நீளம். கையில் மூன்று விரல். மணிக்கட்டில் பிறைநிலா போன்ற ஓர் எலும்பு.

அந்தப் பிறை எலும்பினால் கையைப் பக்கவாட்டில் மடக்க முடியும். பறவை சிறகை மடக்குவதும் அப்படித்தான்! ஆர்க்கியாப்டெரிக்ஸின் கையோடு ஒப்பிட்டார் ஆஸ்ட்ரம். ஒவ்வோர் எலும்பும் ஒத்து வந்தது. 1970-களில் அவர் எழுதிய கட்டுரைகள் ஹக்ஸ்லியின் கருத்துக்கு உயிர் கொடுத்தன.

காறை எலும்பு என்ன ஆயிற்று? அதுவும் பல டைனோசர்களில் இருந்தது! முன்பு கிடைத்த சிலவற்றில், அது இன்னதென்று அடையாளம் தெரியாமல் விட்டிருந்தார்கள்.

1996-ல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் ஒரு விவசாயிக்குக் கிடைத்த கல், வழக்கை முடித்து வைத்தது. சிறிய டைனோசர் ஒன்று அதில் இருந்தது. தலையிலிருந்து வால் வரை மெல்லிய தூவி! அதற்கு சைனோசராப்டெரிக்ஸ் என்று பெயர். அதன் பிறகு இறகுள்ள டைனோசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன.

சிறகு வந்த விதம்

ஹக்ஸ்லி பதில் சொல்லாமல் நிறுத்திய கேள்விக்கு இந்தக் கற்கள் பதில் சொல்லத் தொடங்கின. அரைச் சிறகால் என்ன பயன்? பறக்க முடியாத சிறகு ஏன் வளர வேண்டும்? இதுதான் கேள்வி.

இறகு முதலில் பறப்பதற்காக வரவில்லை. சைனோசராப்டெரிக்ஸின் தூவி, கோழிக்குஞ்சின் மேல் உள்ள பூம்பஞ்சு போன்றது. அதைக் கொண்டு பறக்க முடியாது. உடம்புச் சூட்டைக் காக்க அது உதவியிருக்கும். 2012-ல் அறிவிக்கப்பட்ட யூடிரானஸ் என்ற டைனோசர் சுமார் 9 மீட்டர் நீளம் உள்ளது. அதற்கும் தூவி இருந்தது!

அடுத்த நிலையில் தூவி கிளைவிட்டு, நடுத்தண்டு உள்ள இறகாயிற்று. 1998-ல் பெயர் வைக்கப்பட்ட காடிப்டெரிக்ஸின் கையிலும் வாலிலும் விசிறி போன்ற இறகுகள் இருந்தன. கை மிகவும் குட்டை, பறக்க முடியாது. துணையைக் கவர அந்த விசிறி பயன்பட்டிருக்கலாம். மங்கோலியாவில் ஒரு டைனோசர் முட்டைகளின் மேல் உட்கார்ந்து, கைகளை விரித்து அணைத்தபடியே கல்லாகிக் கிடந்தது. அடைகாக்கும் கோழி உட்காருவதும் அதே விதந்தான்.

கையும் மாறிக்கொண்டே வந்தது. இரையைத் தாவிப் பிடிக்க நீண்ட கையும், மடங்கும் மணிக்கட்டும் உதவின. பிடிப்பதற்காக வந்த அந்த அசைவே பின்னால் சிறகடிக்கும் அசைவாயிற்று. உடம்பு சிறுத்தது, இறகு நீண்டது. 2003-ல் அறிவிக்கப்பட்ட ஒரு வகை மைக்ரோராப்டருக்குக் கை இரண்டிலும் கால் இரண்டிலும் நீண்ட இறகுகள். நான்கு சிறகுள்ள டைனோசர் அது!

சீனத்தில் முதலில் கிடைத்த இறகு டைனோசர்கள் ஆர்க்கியாப்டெரிக்ஸைவிடப் பிந்திய காலத்தவை. பேரனைவிடப் பாட்டன் இளையவனா என்று சிலர் கேட்டார்கள். 2009-ல் ஆங்கியோர்னிஸ் வந்தது. அது சுமார் 16 கோடி ஆண்டுக்கு முந்தியது. அந்தக் கேள்வியும் அடங்கியது.

முதலில் பறந்தது மரத்திலிருந்து சறுக்கியா, தரையிலிருந்து எழும்பியா என்று விஞ்ஞானிகள் இன்றும் வாதாடுகிறார்கள். அரைச் சிறகும் வீண் அல்ல என்பதற்கு உயிருள்ள சாட்சி ஒன்று உண்டு. கவுதாரி இனத்துக் குஞ்சுகளை அமெரிக்க விஞ்ஞானி கென் டயல் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார். பறக்கத் தெரியாத குஞ்சு, குட்டைச் சிறகை அடித்துக்கொண்டே செங்குத்தான சரிவில் ஓடி ஏறுகிறது. சிறகடிப்பதால் கால் வழுக்காமல் ஊன்றுகிறது. ஆபத்து வந்தால் ஓடிப் பிழைக்க அது போதும்.

முற்றத்தில் ஒரு டைனோசர்

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், விண்கல் விழுந்த பேரழிவில் பெரிய டைனோசர்கள் அழிந்தன. சிறகு பெற்ற ஒரு கிளை மட்டும் தப்பியது. காக்கை, குருவி, கோழி, கழுகு எல்லாம் அந்தக் கிளையின் வாரிசுகள். உலகில் இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வகைப் பறவைகள் இருக்கின்றன.

இறகுள்ள டைனோசர் ஒன்றைக்கூட ஹக்ஸ்லி தம் வாழ்நாளில் கண்டதில்லை. அவர் கையில் இருந்தவை ஓர் இடுப்பு எலும்பு, ஒரு கணுக்கால், முட்டைக்குள் ஒரு கோழிக்குஞ்சு. அவ்வளவே. கண்டதைச் சொன்னார், காணாததைச் சொல்லவில்லை. அதனால்தான் நூறு ஆண்டு கழித்துக் கல் பிளந்தபோது, அவர் சொன்னதில் அடிப்படையை மாற்ற வேண்டியதில்லாமல் போயிற்று.

அடுத்த முறை முற்றத்தில் கோழி மேயும்போது அதன் காலைப் பாருங்கள். அந்தச் செதில், 15 கோடி ஆண்டுக்கு முந்திய பாட்டன் விட்டுச் சென்ற சொத்து.